காய்ச்சல் முதலில் வருவது ஓ.பி. வரிசைக்குத்தான்

ஞாயிற்றுக்கிழமை கிருமி ஆயுதத்தைப் பற்றி நடந்த டிவி விவாதத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். "முதலில் கிருமி ஆயுதத்தை எதிர்கொள்ள ஆய்வகம் கட்டுங்கள், ஆரம்ப சுகாதார நிலையமெல்லாம் அப்புறம்" என்று அதில் பேசிய ஒருவர் சொன்னதிலிருந்து மனசு ஆறவில்லை. நான் நீலகிரி கூடலூர்க்காரன். மலை இறங்கினால் கேரளாவின் மலப்புரம். அங்கே வௌவாலிலிருந்து பரவும் உயிர்க்கொல்லி நிபா வைரஸ் என்றால் இங்கே எங்களுக்குத் தூக்கம் போய்விடும்.

2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது முதலில் சந்தேகப்பட்டது யார்? ஒரே குடும்பத்தில் அடுத்த ஆளும் அதே அறிகுறியோடு வந்ததைக் கவனித்த டாக்டர்கள். பரிசோதனை மாதிரிகள் மணிப்பால், புனே ஆய்வகங்களுக்குப் போனது அதற்கப்புறம்தான். அமெரிக்காவில் 2001-ல் கடித உறையில் ஆந்த்ராக்ஸ் கிருமித் தூள் வந்து 5 பேர் செத்தார்களே, அதிலும் முதல் நோயாளியைக் கண்டுபிடித்தது புளோரிடாவில் ஓர் ஆஸ்பத்திரி டாக்டர்தான். வௌவால் கொடுத்தாலும் எதிரி அனுப்பினாலும் காய்ச்சல்காரன் வந்து நிற்பது ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையில்.

"அப்போ ஆய்வகமே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும். நிபாவை அதிகாரபூர்வமாக உறுதி செய்தது புனே ஆய்வகம். கிருமி ஆயுதத் தாக்குதலுக்கான மருந்துகளை வாங்கி வைக்கும் பயோஷீல்டு திட்டத்துக்கு அமெரிக்கா 2004-ல் 560 கோடி டாலர் ஒதுக்கியது, அவர்களிடம் பணம் இருக்கிறது. நம் 2017 சுகாதாரக் கொள்கை 2025-க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் (ஜிடிபி) 2.5 சதவீதத்தை அரசு சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும் என்றது. அதையே நாம் எட்டவில்லை. "ராணுவத்துக்கே செலவு செய்யக் கூடாதா" என்பவர்களிடம் பேச எனக்குத் தெம்பில்லை.

அம்மா தேயிலை பறிப்பவர். சில வருடம் முன்னால் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண்ணெல்லாம் சிவப்பு. போன ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன் பணியிடம் காலி. ரத்தம் எடுத்த குழாயை ஐஸ் டப்பாவில் வைத்து, வேறு லேபுக்குக் கொண்டுபோகச் சொல்லி என் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். பஸ்ஸில் வளைவுக்கு வளைவு மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு போனேன். ஐஸ் உருகி மடியெல்லாம் ஈரம். எலிக்காய்ச்சல் என்று ரிப்போர்ட் வந்தது நாலாவது நாள். அதற்குள் சிறுநீரகம் பாதித்துவிட்டது. பிழைத்தார், ஆனால் இப்போது மேடு ஏறிப் போய்ப் பறிக்க முடியாது. இதைச் சொன்னால் "உணர்ச்சிவசப்படாதீங்க" என்கிறார்கள். என் அம்மா சார், எப்படிப் படாமல் இருப்பது?

பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரி நர்ஸ் லினி, நிபா நோயாளியைப் பார்த்துக்கொண்டு அதே நிபாவில் போனவர். நாட்டைக் காத்தவர் பட்டியலில் அவர் பெயர் வராதா?

போன தடவை நிபா வந்தபோது எல்லைச் செக்போஸ்ட்டில் மழையில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு நர்ஸ் தங்கச்சி என் நெற்றியில் காய்ச்சல் பார்க்கும் கருவியை வைத்துப் பார்த்தது. நிபா தொற்றினால் வெளியே தெரிய பொதுவாக 14 நாள்வரை ஆகலாம். அதுவும் அதற்குத் தெரியும். "இதுல காட்டாட்டியும் உள்ள இருக்கலாம் அண்ணே, போன் நம்பரை மட்டும் சரியா சொல்லுங்க" என்று நனைந்த நோட்டில் எழுதிக்கொண்டது. ஒப்பந்த வேலையாம். விவாதத்தில் உட்கார்ந்த ஒருவர்கூட அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசவில்லை.