16 ஜிபியில் 37 ஜிபி

இளையவர்: சார், சர்வரில் பெரிய விபரீதம் நடக்கிறது. வரைபடத்தில் சிபியு 400 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. உச்சியில் நிற்கும் பட்டைக்கு ‘ஐடில்’ என்று பெயர் போட்டிருக்கிறது. அந்த ஐடிலை உடனே நிறுத்திவிடலாமா?

மூத்தவர்: ஐடில் என்பது சிபியு சும்மா இருக்கும் நேரம், தம்பி. சிபியுவுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் கோர்கள் நான்கு; கோருக்கு நூறு வீதம் நான்கையும் கூட்டி வரைவதால், இந்த அடுக்கு வரைபடம் எப்போதும் 400இல்தான் முடியும்.

இளையவர்: அப்படியானால் இரவு 2 மணிக்கு சிஸ்டம், யூசர், ஐஓவெயிட் மூன்றும் பேசிவைத்துக்கொண்டு எழும்பியிருக்கின்றனவே?

மூத்தவர்: சிஸ்டம் என்பது லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் வேலை செய்யும் நேரம், யூசர் நிரல்களின் நேரம், ஐஓவெயிட் டிஸ்குக்காகக் காத்திருக்கும் நேரம். ஒவ்வொரு பட்டையும் தனக்குக் கீழே இருப்பதன் தோளில் ஏறி நிற்கிறது, அடியில் நிற்பவன் எக்கினால் மேலே இருப்பவர்களும் உயரத்தானே செய்வார்கள்? யூசர் பட்டை 1 மணிக்கு 10இல் தொடங்கி 50இல் முடிகிறது, 2 மணிக்கு 60இல் தொடங்கி 100இல் முடிகிறது. தடிமன் எவ்வளவு என்று சொல்லுங்கள்.

இளையவர்: (திரையில் அடிக்கோலை வைத்து) இரண்டு இடத்திலும் 40தான், சார்.

மூத்தவர்: பருத்தது அடியில் உள்ள சிஸ்டம் மட்டுமே, அந்த 50 ஐடிலிலிருந்து கழிந்திருக்கிறது. அதிகம் துள்ளாததைக் கீழே வையுங்கள் என்று நான் தலைபாடாக அடித்துக்கொள்வது இதற்காகத்தான். அடிக்கோலை எடுங்கள், திரையில் கீறல் விழும்.

இளையவர்: (தயங்கி) மெமரி வரைபடத்தையும் இப்படித்தான் படிக்க வேண்டுமா? அதில் ஃப்ரீ நூலிழையாக இருந்ததால், கூடுதல் மெமரி கேட்டு விண்ணப்பம் அனுப்பிவிட்டேன்.

மூத்தவர்: ஃப்ரீ மெலிந்திருந்தால் பதற வேண்டியதில்லை. கோப்புகளை மறுபடி வேகமாக எடுக்க வைத்திருக்கும் பிரதிகள்தான் கேஷ்; அது பிடித்திருக்கும் இடத்தில் பெரும்பகுதியை, நிரல்கள் கேட்கும்போது லினக்ஸ் விட்டுக்கொடுத்துவிடும். எவ்வளவு கிடைக்கும் என்று மதிப்பிட்டுச் சொல்லவே கெர்னல் 3.14 முதல் ‘மெம்அவைலபிள்’ என்ற எண் இருக்கிறது. விண்ணப்பத்தில் என்ன காரணம் எழுதினீர்கள்?

இளையவர்: யூஸ்டு 6இலும், கேஷ் 15இலும், ஃப்ரீ 16இலும் முடிந்ததால் மூன்றையும் கூட்டி, 16 ஜிபி மெமரியில் 37 ஜிபி செலவாகிறது என்று எழுதினேன்.

மூத்தவர்: அதைப் படித்துவிட்டும் ஒப்புதல் கொடுத்த புண்ணியவான் யார்?

இளையவர்: நேற்று மதியம் நீங்கள்தான் கையெழுத்துப் போட்டீர்கள், சார்.