லேசர் சுவரை எரிக்காதா?

ரோம் நகரின் டொமிட்டில்லா நிலத்தடிக் கல்லறைகளில் விளக்குப் புகைக்கரியை லேசரால் நீக்கி, 2017-ல் ஓவியங்களை வெளிக்கொணர்ந்ததை ஒரு கட்டுரை சொல்கிறது. அதில் வரும் "கரியை மட்டும் லேசர் எரித்துவிடும்" என்ற வரி மட்டும் பாதி உண்மை.

1064 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைக் கரி நன்றாக உறிஞ்சும். வெள்ளைச் சுண்ணாம்போ பெரும்பாலும் திருப்பிவிடும். 10 நானோவினாடித் துடிப்பில் சதுர செ.மீ.க்கு 1 ஜூல் விழுந்தால், அந்தக் கணத்தில் செறிவு சதுர செ.மீ.க்கு 10 கோடி வாட். கரி ஆவியாகி, சின்ன பிளாஸ்மாவாக, அதாவது மின்னூட்டம் பெற்ற சூடான வாயுவாகத் தெறிக்கும். வெப்பம் உள்ளே இறங்க நேரமே இருக்காது.

வெறும் பளிங்கில் கரி போனதும் வேலை தானாக நிற்கும். நிறமுள்ள சுவரில் அந்த நம்பிக்கை செல்லாது. ரோமானியர் விரும்பிய சிவப்பான சாதிலிங்கம், அதாவது பாதரச சல்ஃபைடு, குறைந்த ஆற்றலிலேயே கறுக்கும். ஈய வெள்ளையும் அப்படியே. மஞ்சள் காவி நீரிழந்து சிவப்பாகும். கறுத்த சாதிலிங்கத்தைப் பழையபடி ஆக்க நம்பகமான வழி இல்லை.

அதனால் ஓரத்தில் சிறு சோதனைக் கட்டம் போட்டு, ஆற்றலைக் கீழிருந்து மெல்ல ஏற்ற வேண்டும். லேசர் கைப்பிடி சுவரிலிருந்து இருக்கும் தூரமும் முக்கியம்: சுவரில் விழும் ஒளிப்புள்ளியின் விட்டம் பாதியானால் செறிவு நான்கு மடங்கு. சுவர் தாங்குமென்றால் லேசாக ஈரப்படுத்தினால் குறைந்த ஆற்றலிலேயே கரி கழன்று வரும். தெறிக்கும் தூசியை உடனே உறிஞ்சி எடுக்க வேண்டும். லேசருக்கான பாதுகாப்புக் கண்ணாடி அணிவதும் கட்டாயம்; இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.