இதர செலவு 11,640

பெங்களூரு கே.ஆர்.புரம், மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை வீடு. 2025 ஜூன் கடைசி ஞாயிறு. இரவுப் பணி முடிந்து வந்த கவிதா உள்ளறையில் தூங்குகிறாள். அதனால் கீழே வரும் வாக்குவாதம் முழுவதும் கிசுகிசுப்பில் நடந்தது என்று வைத்துக்கொண்டு படிக்கவும்.

அத்தை தருமபுரியிலிருந்து வந்து நான்கு நாள் ஆகிறது. மகளிர் சுய உதவிக் குழுவுக்குப் பதினெட்டு வருடம் கணக்கு எழுதியவர். அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினால் எதிரில் இருப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். மாப்பிள்ளைக்கு ஐடி வேலை. எக்செல்லில் கட்டங்களுக்கு அழகாக வண்ணம் அடிப்பார்.

மாப்பிள்ளை: அத்தை, நல்ல சேதி. பேங்கிலிருந்து மெசேஜ். பிப்ரவரியிலிருந்து ரிசர்வ் வங்கி மூன்று தடவை ரெப்போவை, அதாவது பேங்குகளுக்குத் தான் கொடுக்கும் கடனின் வட்டியை, குறைத்ததே, அதில் நம் வீட்டுக் கடன் வட்டி எட்டரையிலிருந்து ஏழரைக்கு வந்துவிட்டது. வேண்டுமென்றால் இஎம்ஐயை 34,713லிருந்து 32,400 ஆக்கிக்கொள்ளலாமாம்.

அத்தை: மாதம் 2,313 மிச்சம்.

மாப்பிள்ளை: (வியந்து) மனக்கணக்கா! ஆமாம், அதை நேற்று ராத்திரியே ஏர் ஃப்ரையருக்கு ஒதுக்கிவிட்டேன். மூன்றே மாதத்தில் கடன் தீர்ந்துவிடும்.

அத்தை: வீட்டுக் கடனா?

மாப்பிள்ளை: ஏர் ஃப்ரையர் கடன்.

அத்தை: (கண்ணாடி இறங்குகிறது) மாப்பிள்ளை, தப்பாக நினைக்காதீர்கள். வீட்டுக்கு எவ்வளவு வாங்கினீர்கள், எத்தனை தவணை கட்டியாயிற்று?

மாப்பிள்ளை: 2023 மார்ச்சில் 40 லட்சம், இருபது வருடத்துக்கு. இந்த மாதத்தோடு 27 தவணை. மொத்தம் 9 லட்சத்து 37 ஆயிரம் கட்டியாயிற்று அத்தை. ஒரு தவணைகூடத் தவறியதில்லை.

அத்தை: நல்ல பழக்கம். அசலில் எவ்வளவு குறைந்தது?

(மாப்பிள்ளை லேப்டாப்பைத் தன் பக்கம் லேசாகத் திருப்பிக்கொள்கிறார்.)

மாப்பிள்ளை: 1 லட்சத்து 91 ஆயிரம்.

அத்தை: மீதி ஏழரை லட்சம்?

மாப்பிள்ளை: வட்டி. முதல் மாதம் கட்டிய 34,713இல் 28,333 வட்டிக்கே போய்விட்டது. அசலுக்குப் போனது 6,380தான். ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்குமாம். போகப் போக மாறுமாம்.

அத்தை: 1 லட்சத்து 91 ஆயிரத்துக்கு இந்த வீட்டில் எது தேறும்? பாத்ரூம் தேறுமா?

மாப்பிள்ளை: டைல்ஸ் இல்லாமல் என்றால் தேறும்.

அத்தை: அப்போது ஏன் ஹாலில் உட்கார்ந்திருக்கிறீர்கள்? இது பேங்க்காரனுடையது.

மாப்பிள்ளை: முன்பணம் 12 லட்சம் கட்டினோமே அத்தை! ஹால் நம்முடையதுதான்.

அத்தை: சரி, உட்காருங்கள். இப்போது இஎம்ஐயைக் குறைக்காமல் பழையபடியே கட்டினால் என்ன ஆகும்?

மாப்பிள்ளை: (தட்டுகிறார்) அட. இன்னும் 213 மாதம் இருக்கிறது. தொகையைத் தொடாமல் விட்டால் 186 ஆகிவிடுகிறது. 27 மாதம் சும்மாவே குறைகிறது! இதுவரை கட்டியதும் 27தான்!

அத்தை: மேலே ஒரு ஐயாயிரம் சேர்த்துக் கட்டினால்?

மாப்பிள்ளை: 147. ஆனால் அத்தை, முன்னாலேயே கட்டினால் பேங்க் அபராதம் போடுமே.

அத்தை: உங்களுடையது ஏறி இறங்குகிற வட்டிதானே? அதற்கு அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே சொல்லிவிட்டது. எங்கள் குழுவில் ஒரு பெண்ணுக்காக நான் பேங்க் வாசலில் மூன்று நாள் நின்று தெரிந்துகொண்டது. இன்னொன்று, ஐயாயிரம் கட்டும்போது ‘அசலில் கழித்து, மாதத்தைக் குறையுங்கள்’ என்று எழுத்தில் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் பாட்டுக்கு இஎம்ஐயைக் குறைத்து வைப்பார்கள், நீங்கள் இன்னொரு ஏர் ஃப்ரையர் பார்ப்பீர்கள்.

மாப்பிள்ளை: இதற்கெல்லாம் நான் ஷீட் போட்டு வைத்திருக்கிறேன் அத்தை. பாருங்கள், பதினான்கு ஷீட். இந்தப் பச்சைக் கலர் ஷீட்டின் பெயரே ‘முன்கூட்டி அடைப்பு’. வீடு வாங்கிய வாரமே போட்டது.

அத்தை: இதில் எழுதியபடி ஒரு மாதமாவது கட்டினீர்களா?

மாப்பிள்ளை: ஷீட்டை மேம்படுத்திக்கொண்டே இருந்தேன்.

அத்தை: மாதச் செலவு எந்தக் கலர்?

மாப்பிள்ளை: ஊதா. இதோ. இஎம்ஐ, பள்ளிக்கூடம், மளிகை, பால், தண்ணீர் லாரி, அபார்ட்மென்ட் பராமரிப்பு. கரண்ட் சைபர். வழக்கமான சராசரியை ரொம்பத் தாண்டாமல் 200 யூனிட்டுக்குள் இருந்தால் இங்கே இலவசம். கவிதாவுக்கு பஸ் சைபர். சாதாரண பிஎம்டிசி டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது.

அத்தை: அதைச் சொல்லாதீர்கள். தருமபுரியில் டவுன் பஸ்ஸில் நானும் ஓசியில்தான் போகிறேன், ஆதார் கீதார் யாரும் கேட்பதில்லை. இங்கே முந்தாநாள் மார்க்கெட் போனால், கண்டக்டர் ஆதாரை வாங்கிப் பார்த்து, ‘தமிழ்நாடு அட்ரஸ் அம்மா’ என்று டிக்கெட் கிழித்துவிட்டார். (ஷீட்டில் விரல் வைத்து) இது என்ன, ‘இதர செலவு 11,640’?

மாப்பிள்ளை: இதர.

அத்தை: இதர என்றால்?

மாப்பிள்ளை: சில்லறை, அத்தை. அங்கே இங்கே.

அத்தை: எங்கள் குழுவில் முதல் வருடம் ஒரு அம்மா ‘இதர 40’ என்று எழுதிக்கொண்டு வந்தார். டீயா, பஸ்ஸா, தானமா என்று தெரிகிற வரைக்கும் கூட்டத்தை முடிக்கவில்லை. தருமபுரியில் 1989லேயே மகளிர் குழு ஆரம்பித்தாகிவிட்டது மாப்பிள்ளை. எங்களிடம் ‘இதர’ செல்லாது. சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்.

(இடுப்பிலிருந்து பால் கணக்கு நோட்டும் மூடியில்லாத பால்பாயின்ட் பேனாவும் வெளியே வருகின்றன. பதினான்கு ஷீட்டுக்கும் அன்றோடு வேலை போயிற்று.)

மாப்பிள்ளை: கேப், 3,100.

அத்தை: வீட்டு வாசலில் மெட்ரோ ஓடுகிறதே?

மாப்பிள்ளை: பிப்ரவரியில் மெட்ரோ கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள் அத்தை. அதிகபட்சம் 60 இருந்ததை 90 ஆக்கிவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எதிர்ப்பைக் காட்ட கேப்பில் போனேன்.

அத்தை: கேப்புக்கு எவ்வளவு?

மாப்பிள்ளை: 310.

அத்தை: மெட்ரோக்காரன் இந்நேரம் பயந்திருப்பான். அடுத்தது?

மாப்பிள்ளை: பத்து நிமிடத்தில் சாமான் கொண்டுவருகிற ஆப், 3,240. அது மளிகையில் சேராது. அவசரத்துக்கு.

அத்தை: நேற்று என்ன அவசரம்?

மாப்பிள்ளை: கொத்தமல்லி.

(அத்தை கையை நீட்டுகிறார். மாப்பிள்ளை போனைக் கொடுக்கிறார். பில்லை விரலால் மேலும் கீழும் தள்ளி, எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்.)

அத்தை: கொத்தமல்லி 12 ரூபாய். டெலிவரி 30. கையாளும் கட்டணம் 10. சின்ன ஆர்டர் கட்டணம் 20. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள்...

மாப்பிள்ளை: சுண்டைக்காயும் இதே ஆப்பில் வருகிறது அத்தை. காய்ந்தது, பாக்கெட்டில்.

அத்தை: (பெருமூச்சு) கையாளும் கட்டணம் எதற்கு? கொத்தமல்லியை எப்படிக் கையாண்டார்கள்?

மாப்பிள்ளை: 199 ரூபாய்க்கு மேல் வாங்கினால் இதெல்லாம் இலவசம். அதற்காகத்தான் மற்ற நாட்களில் சிப்ஸும் சேர்த்து வாங்கிவிடுவேன்.

அத்தை: அறுபதை மிச்சம் பிடிக்க நூற்றெண்பதுக்கு மேல் சிப்ஸ்.

மாப்பிள்ளை: அப்படிக் கூட்டிப் பார்த்ததில்லை.

அத்தை: தெருமுனையில் ஒரு கடை இருக்கிறது. நான்கு நாளாக நான் அங்கேதான் வாங்குகிறேன். அந்த அம்மா வாணியம்பாடிக்காரர். கறிவேப்பிலைக்குக் காசே வாங்குவதில்லை. அடுத்தது?

மாப்பிள்ளை: ஆபீஸ் கஃபேயில் காபி. கப்பு 130. இருபது நாளைக்கு 2,600. ஜிம் 1,800.

அத்தை: ஜிம்முக்கு எப்போது போகிறீர்கள்? நான் வந்ததிலிருந்து பார்க்கவில்லையே.

மாப்பிள்ளை: ஜனவரியில் போனேன். மூன்று நாள். பணம் தானாக அக்கவுண்ட்டிலிருந்து போய்விடுகிறது. நிறுத்த வேண்டுமென்றால் நேரில் போகச் சொல்கிறார்கள், அதுதான் தூரம்.

அத்தை: தூரமா?

மாப்பிள்ளை: ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். அப்புறம் ஓடிடி 900. அவ்வளவுதான். 11,640.

அத்தை: (கூட்டிப் பார்த்து) கணக்கு சரி. காபி, ஜிம், ஓடிடியில் நான் கை வைக்கவில்லை. மாப்பிள்ளை மனது நோகக் கூடாது. கேப், ஆப் இரண்டையும் அடித்துவிடுகிறேன், 6,340. மெட்ரோவுக்கும் தெருமுனைக் கடைக்கும் 1,340. மீதி?

மாப்பிள்ளை: ஐயாயிரம்!

அத்தை: 147 மாதம்.

மாப்பிள்ளை: (கடைசி அஸ்திரமாக) ஆனால் அத்தை, கடனைச் சீக்கிரம் அடைத்தால் நஷ்டம். வட்டிக்கு வருமான வரிச் சலுகை உண்டு. வருடத்துக்கு 2 லட்சம் வரை. ஆபீஸில் எல்லாரும் சொல்கிறார்கள்.

அத்தை: நூறு ரூபாய் வட்டி கட்டினால் வரியில் எவ்வளவு மிச்சம்?

மாப்பிள்ளை: சுமார் முப்பது ரூபாய்.

அத்தை: முப்பதைக் காப்பாற்ற நூறு கொடுக்கிறீர்கள். மறுபடியும் சிப்ஸ்.

மாப்பிள்ளை: அதுவுமில்லாமல்... போன வருடம் புதிய வரி முறைக்கு மாறிவிட்டேன்.

அத்தை: அதனால்?

மாப்பிள்ளை: நாம் குடியிருக்கிற வீட்டுக்கு அதில் இந்தச் சலுகையே கிடையாது.

(நீண்ட மௌனம். உள்ளறையில் கவிதா புரண்டு படுக்கும் சத்தம். தூக்கமா, சிரிப்பா என்று தெரியவில்லை.)

அத்தை: ஒன்று சொல்கிறேன். உடனே எல்லாவற்றையும் வழித்துக் கொண்டுபோய்க் கடனில் கொட்டிவிடாதீர்கள். எங்கள் குழுவில் முதல் ஆறு மாதம் யாருக்கும் கடன் கிடையாது, சேமிப்பு மட்டும்தான். கையில் கொஞ்சம் இருந்தால்தான் தைரியம் வரும். உங்கள் வேலை இன்றைக்கு இருக்கும், நாளைக்கு மெயில் வரும். அவசரத்துக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

மாப்பிள்ளை: ஜூலையில் போனஸ் வரும்.

அத்தை: மூன்று இஎம்ஐ, 1,04,139. வந்த அன்றைக்கே எஃப்டியில் போட்டுப் பூட்டுங்கள். அது கடனுக்கும் கிடையாது, ஏர் ஃப்ரையருக்கும் கிடையாது. மாதா மாதம் ஐயாயிரம் தனியாகப் போக வேண்டும். ஒன்றாம் தேதி கட்டி ரசீதை என்னிடம் காட்டுங்கள்.

மாப்பிள்ளை: வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன் அத்தை. (சற்றுத் தயங்கி) சேமிப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. ஊருக்கு எப்போது கிளம்புகிறீர்கள்? முன்கூட்டியே ரயில் டிக்கெட் போட்டால் கொஞ்சம் மிச்சமாகும்.

அத்தை: ஊருக்கா? வாட்ஸ்அப்பில் ரசீது பார்த்து எனக்குப் பழக்கமில்லை. கடன் முடியட்டும், ரசீதெல்லாம் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போகிறேன்.

மாப்பிள்ளை: கடன் முடிய 147 மாதம் ஆகும் அத்தை.

அத்தை: ஆகட்டும். ஊரில் எனக்கு என்ன வேலை?

(மாப்பிள்ளையின் விரல்கள் விசைப்பலகையில் பறக்கின்றன. இரண்டேகால் வருடத்தில் அந்தப் பச்சைக் கலர் ஷீட்டை அவர் முதல் தடவையாக நிஜமாகவே பயன்படுத்துகிறார்.)

மாப்பிள்ளை: அத்தை, ஜிம்மை இன்றைக்கே நிறுத்திவிடுகிறேன்.

அத்தை: ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டுமே?

மாப்பிள்ளை: ஓடியே போகிறேன். ஓடிடியும் வேண்டாம். காபியும் வேண்டாம், உங்கள் ஃபில்டர் காபி போதும். 1,800, 900, 2,600. மொத்தம் 5,300. அதில் ஐயாயிரத்தை எடுத்துக்கொண்டால் மாதம் பத்தாயிரம் கூடுதல். 122 மாதம்தான் அத்தை! போனஸில் மிச்சத்தையும் வருடா வருடம் போட்டால் இன்னும் குறையும்!

அத்தை: 122 என்றால் பத்து வருடம், இரண்டு மாதம்.

மாப்பிள்ளை: ஆமாம்.

அத்தை: (நோட்டை மூடி இடுப்பில் செருகிக்கொள்கிறார்) பரவாயில்லை, சீக்கிரம்தான். மாப்பிள்ளை, இந்த ஆதார் அட்ரஸ் மாற்றுகிற இடம் இங்கே பக்கத்தில் எங்கே இருக்கிறது? நமக்கும் பஸ் ஓசியாகிவிடுமே.