திருச்சபை எப்போது காணாமல் போனது?

போன பாஸ்கா திருவிழிப்பு அன்று, சால்ட் லேக் சிட்டியின் மடலின் பேராலயத்தில் என் தோழிக்கு ஞானத்தாயாக நின்றேன். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. முன்னோர்கள் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு யூட்டாவுக்கு வந்து குடியேறிய பழைய மார்மன் குடும்பம். மார்மன்கள் என்பது 1830ல் அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் நிறுவிய, இயேசுவை நம்பும் தனிச் சபையினர். தலையில் தண்ணீர் விழுந்ததும் அவள் தோள் குலுங்கியது. கையில் இருந்த துண்டை நீட்டக்கூடத் தோன்றாமல் நின்றேன். கடைசி வரிசையில் வெள்ளைச் சட்டையும் டையுமாக அவள் அப்பா. அம்மா வரவில்லை.

படத்தைப் போட்டதிலிருந்து பலர் கேட்கிறார்கள்: "ரெண்டு பேருக்கும் இயேசுதானே, இதில் மாறுவதற்கு என்ன இருக்கு?" நிறைய இருக்கிறது.

எட்டு வயதில் அவளுக்கு ஏற்கெனவே முழுக்கு கொடுத்திருந்தார்கள். தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் என்று அவர்களும் சொல்வார்கள். ஆனாலும் அந்தத் திருமுழுக்கு செல்லாது என்று 2001ல் ரோம் அறிவித்துவிட்டது. ஏனென்றால் சொல் ஒன்று, பொருள் வேறு. மார்மன் போதனைப்படி அந்த மூவரும் ஒரே கடவுளாக இல்லாமல் தனித்தனியாக இருப்பவர்கள். தந்தைக்கும் சதையும் எலும்புமான உடல் உண்டு. கடவுளே ஒரு காலத்தில் நம்மைப் போல மனிதராக இருந்தவர் என்று ஜோசப் ஸ்மித் 1844 ஏப்ரலில் பிரசங்கம் செய்தார். தலைமுறை தலைமுறையாக மூவொரு கடவுள் என்று அறிக்கையிட்டு வந்த நமக்கு இது சின்ன வேறுபாடு இல்லை.

அவளை முதலில் அசைத்தது வரலாறு. வெளியாட்கள் சொன்னதையெல்லாம் அவள் அவதூறு என்றுதான் நினைத்திருந்தாள். 2013லிருந்து சபையே தன் இணையதளத்தில் வெளியிட்ட கட்டுரைகளைப் படித்த பிறகு அப்படித் தள்ள முடியவில்லை. ஜோசப் ஸ்மித்துக்கு முத்திரையிடப்பட்ட, அதாவது நித்தியத்துக்கும் மனைவியாகச் சடங்கில் இணைக்கப்பட்ட பெண்களில் ஒருத்திக்குப் பதினைந்து வயது நிறையச் சில மாதங்கள் இருந்தன என்று அதிலேயே இருக்கிறது. ஆபிரகாம் கையெழுத்து என்று அவர் மொழிபெயர்த்த எகிப்தியப் பாப்பிரஸின் துண்டுகள் 1967ல் நியூயார்க் அருங்காட்சியகத்திலிருந்து சபைக்குத் திரும்பி வந்தன. படித்துப் பார்த்தால் இறந்தவர்களோடு புதைக்கும் சடங்கு நூல். ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களுக்கு 1978 வரை குருத்துவம் மறுக்கப்பட்டது வேறு.

ஆனால் இதெல்லாம் ஒருவரை வெளியே தள்ளும், அவ்வளவுதான். வெளியேறுகிறவர்களில் பெரும்பாலோர் அப்புறம் எந்தக் கோயில் பக்கமும் போவதில்லை. எட்டு வயதிலிருந்து 'இது உண்மையான சபை என்று எனக்குத் தெரியும்' என்று சாட்சி சொல்லி வளர்ந்தவர்களுக்கு அந்த ஒரு வாக்கியம் உடைந்தால் மொத்தமும் உடைந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் கடவுளை விடாமல் தேடுகிறவர்கள் எனக்குப் பெரியவர்களாகத் தெரிகிறார்கள்.

சரி, ஏன் கத்தோலிக்கம்? அதிகாரம். மார்மனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஊட்டப்படும் கேள்வி அதுதான்: திருமுழுக்குக் கொடுக்க உனக்கு யார் கைவைத்து அதிகாரம் கொடுத்தது? திருத்தூதர்கள் இறந்த பிறகு அந்த அதிகாரம் பூமியிலிருந்தே எடுக்கப்பட்டுவிட்டது, ஜோசப் ஸ்மித் வழியாகத் திரும்பி வந்து 1830ல் சபை மீண்டும் நிறுவப்பட்டது என்பது அவர்களின் அஸ்திவாரம். ஒன்று கத்தோலிக்கர்கள் சொல்வது சரி, இல்லை நாங்கள் சொல்வது சரி, நடுவில் மற்றவர்களுக்கு இடமில்லை என்று மார்மன் பெரியவர்களே சொல்லிவந்திருக்கிறார்கள். என் தோழி அந்த வாதத்தை அப்படியே எடுத்துக்கொண்டாள். 1830 தவறு என்றால் மிச்சம் ஒரு கேள்விதான். திருச்சபை உண்மையில் எப்போது காணாமல் போனது?

தேடிப் பார்த்தாள். முதல் நூற்றாண்டு முடிவதற்குள் ரோமிலிருந்து ஆயர் கிளமெண்ட், திருத்தூதர்கள் நியமித்தவர்களை நீக்கக்கூடாது என்று கொரிந்தியருக்கு எழுதுகிறார். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சாவதற்காக ரோமுக்கு இழுத்துச் செல்லப்பட்ட அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியார், நற்கருணை நம் மீட்பரின் உடல், ஆயர் இல்லாமல் எதுவும் செய்யாதீர்கள் என்று எழுதுகிறார். சுமார் 155ல் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் ஞாயிறு வழிபாட்டை விவரிக்கிறார்: வாசகம், மறையுரை, அப்பம், தண்ணீர் கலந்த திராட்சை இரசம், வர முடியாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் கொண்டுபோய்க் கொடுப்பது. அதைப் படித்த வாரம் முதன்முதலாகத் திருப்பலிக்கு வந்து பின்னால் உட்கார்ந்திருந்தாள். "அது நடந்துகொண்டே இருந்திருக்கு" என்றாள் வெளியே வந்ததும். "பாதாளத்தின் வாயில்கள் அதன்மேல் வெற்றி கொள்ளா" என்று திருச்சபையைப் பற்றி இயேசு சொன்னதை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன். அதை ஒருத்தி உயிரைப் பிடித்துக்கொள்வது போலப் பிடித்ததை அன்றுதான் பார்த்தேன்.

இன்னொன்று பாடுபட்ட சுரூபம். அவர்கள் கோயில்களில் சிலுவையே இருக்காது. உயிர்த்த, வாழும் கிறிஸ்துவைத்தான் காட்டுவார்கள். அவளுக்கு இரண்டு முறை கரு கலைந்திருக்கிறது. அந்த நாட்களிலும் ஞாயிறு சிரித்த முகத்தோடு போய்ச் சாட்சி சொல்லியிருக்கிறாள். மடலின் பேராலயத்தில் அந்தச் சுரூபத்தின் முன் அரை மணி நேரம் ஒன்றும் பேசாமல் நின்றாள். "இங்கே அழலாம் போல" என்றாள்.

இதையெல்லாம் வைத்து மார்மன்களைக் கேலி செய்யாதீர்கள். எனக்கு அது பிடிக்காது. 1879ல் செயின்ட் ஜார்ஜ் ஊரில் திருப்பலி வைக்க இடமில்லாத ஸ்கேன்லன் சாமியாருக்குத் தங்கள் கூடத்தையே கொடுத்தார்கள். அவர்களுடைய பாடகர் குழு லத்தீன் பாட்டுகளைக் கற்றுக்கொண்டு பாடியது. இன்றும் அவர்களுடைய வார்டில், அதாவது அவர்களின் பங்கில், ஒருவர் நோயில் படுத்தால் சாயங்காலத்துக்குள் வாசலில் சாப்பாடு வந்துவிடும். நம் பங்கிலோ என் தோழியின் பெயரைக் கேட்க ஆள் இல்லை. நான்கு மாதம் வந்து போனாள், பங்குத்தந்தையைத் தவிர ஒருவர் பேசவில்லை. இது எனக்குத் தீராத வருத்தம். ஒரு முழு ஊரையே உறவாக வைத்திருந்தவர்கள் அதை விட்டுவிட்டு நம்மிடம் வருகிறார்கள். கைகொடுக்கக்கூட நமக்கு நேரமில்லையா?

வரும் ஆகஸ்டில் அவள் தங்கைக்கு பவுண்டிஃபுல் ஊரிலுள்ள மார்மன் டெம்பிளில் கல்யாணம். உள்ளே போக சபை தரும் அனுமதிச் சீட்டு வேண்டும். அவளிடம் இப்போது அது இல்லை. அவள் தூக்கி வளர்த்த தங்கை. முடிந்து வெளியே வரும்வரை புல்வெளியில் காத்திருக்கப் போகிறாள். நானும் வந்து கூட நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.