மாடியில் சோலார் ஏறிவிட்டது, பாலிசியில் ஏறியதா?

கடலோர மாவட்டங்களில் சொந்த வீடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். 2024 பிப்ரவரியில் பிரதமரின் சூரிய வீடு திட்டம் வந்து, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றதும் தெருவுக்குத் தெரு பேனல் ஏறுகிறது. நல்லதுதான், போடாதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் எத்தனை யூனிட் வரும், போட்ட பணம் எப்போது திரும்பும் என்று துருவித் துருவிக் கேட்கிற நம் ஆட்கள், புயலில் பேனல் போனால் யார் பணம் தருவார்கள் என்று கேட்பதில்லை.

25 வருஷ வாரண்டி இருக்கிறதே என்பார்கள். அது பேனல் தரவேண்டிய மின்சார அளவுக்கான உத்தரவாதம். காற்று பிய்த்துக்கொண்டு போனால் அதில் ஒரு பைசா வராது, வீட்டு இன்சூரன்ஸ்தான் தரவேண்டும்.

2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீட்டு பாலிசியில் புயலும் வெள்ளமும் அடக்கம், வீட்டின் கூடுதல் அமைப்புகள் என்ற பட்டியலில் சோலார் பேனலுக்கும் இடம் இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், காப்பீட்டுத் தொகையைக் கார்ப்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் புழங்கும் தளப் பரப்பை, வைத்துக் கணக்கிட்டு, இந்தக் கூடுதல் அமைப்புகளின் மதிப்பை அதற்கு மேல் தனியாகச் சேர்க்க வேண்டும். பேனல் போடுவதற்கு முன்பே எடுத்த பாலிசியில் பேனலுக்கான ஒன்றரை, இரண்டு லட்சம் எப்படி இருக்கும்? வீட்டுக் கடனோடு வங்கியில் எடுத்துக்கொடுத்த பாலிசி என்றால் பலர் அந்தத் தாளைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பில்லை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு போய், பேனல், இன்வெர்ட்டர், ஸ்ட்ரக்சர் (பேனலைத் தாங்கும் சட்டம்) மூன்றின் மதிப்பையும் சேர்த்து எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியில் செய்த மாற்றத்துக்கான எழுத்துச் சான்று, வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது, எழுத்தில் வேண்டும்.

அப்புறம் ஸ்ட்ரக்சர். இதில்தான் எனக்கு உண்மையான கவலை. மாடியில் துணி காயவேண்டும், வடகம் காயவேண்டும் என்று எட்டடி, பத்தடி உயரத்துக்குக் கால் நட்டுப் பேனலைத் தூக்கிவிடுகிறோம். அடியில் புகுகிற காற்று அதைப் பாய்மரம் போல மேலே தள்ளும். கட்டட வடிவமைப்புக்காகச் சென்னைக்கு இந்தியத் தரக் குறியீடு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகமே விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 2016இல் வர்தா புயலையும் 2018இல் கஜா புயலையும் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெறும் கான்கிரீட் கட்டையை வைத்து நிறுத்திவிட்டுப் போனால், நாளைக்கு க்ளெய்ம் என்று வரும்போது சேதம் புயலால் வந்ததா, வேலை சரியில்லாததால் வந்ததா என்ற வாதம் கிளம்பும். அப்போது கையில் ஆதாரம் வேண்டும். எந்தக் காற்று வேகத்துக்கு ஸ்ட்ரக்சர் வடிவமைக்கப்பட்டது என்று பொறியாளர் கையெழுத்திட்ட தாள் இல்லாமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். போல்ட் இறங்கிய இடத்தைக்கூட போட்டோ எடுத்து வையுங்கள்.

உங்கள் பேனல் பறந்து பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸிலோ காரிலோ விழுந்தால் அது வேறு கணக்கு. உங்கள் வீட்டுச் சேதத்துக்கான பாலிசியில் அடுத்தவருக்கான இழப்பீடு வராது, அதற்குத் தனிக் காப்பீடு உண்டா என்று கேளுங்கள்.

அரசிடமும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. மானியத்துக்கு இத்தனை தாள் கேட்கிறீர்கள், கடலோர மாவட்டங்களிலாவது காற்றுத் தாங்கும் சான்றையும் காப்பீட்டு எண்டார்ஸ்மென்ட்டையும் அதோடு சேர்த்துக் கேட்டால் என்ன?