குதிரைத்திறன் அட்டவணையோடு கிளம்பியிருக்கும் நண்பர்களுக்கு

நேற்று ராத்திரி நம் குழுவில் நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பந்தயக் கார் வடிவமைப்பாளர் கார்டன் மர்ரே செய்த, பின்னால் விசிறி வைத்த டி.50 ஸ்போர்ட்ஸ் காரைப் புகழ்ந்து நான் போட்ட பதிவுக்குக் கீழே ஒரு நண்பர் கொண்டுவந்து ஒட்டிய அட்டவணை, அதற்கு வரிசையாக விழுந்த சிரிப்பு எமோஜிகள், அப்புறம் "டேபிள் ஃபேன் வெச்ச காருக்கு இவ்வளவு பில்டப்பா" என்ற அந்த அமர வாக்கியம். யார் எழுதியது என்று சொல்ல மாட்டேன், குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும். அங்கேயே பதில் சொல்லியிருப்பேன், அதற்குள் அட்மின் கமெண்ட்டைப் பூட்டிவிட்டார். பரவாயில்லை, என் சுவரில் எழுத யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

முதலில் அந்த அட்டவணை. புகாட்டி சிரோன் 1,500 குதிரைத்திறன். பினின்ஃபரீனா பத்திஸ்தா 1,900. கார்டன் மர்ரேயின் டி.50 வெறும் 663. அந்த 663-ஐச் சுற்றிச் சிவப்பு வட்டம் வேறு. வாதம் அவ்வளவுதான், முடிந்தது, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

ஐயா, அந்த அட்டவணையில் எடை எங்கே? எடைக்கு ஒரு கட்டம்கூடப் போடவில்லையே, ஏன்? டி.50-இன் எடை அறிமுகத்தில் சொன்ன கணக்குப்படி 986 கிலோ. சிரோன் ஏறக்குறைய இரண்டு டன். இந்தக் காரின் கதையே எடைதான். மர்ரே வாயைத் திறந்தால் எடை பற்றித்தான் பேசுகிறார். உச்ச வேகமும் லேப் நேரமும் தன் குறியே இல்லை என்று அவரே திரும்பத் திரும்பச் சொல்லியாகிவிட்டது. அப்படி இருக்கும்போது அவர் ஓடாத பந்தயத்தில் அவரைக் கடைசி இடத்தில் நிறுத்திவைத்து, பார் தோற்றுவிட்டான் என்று கைதட்டுவது என்ன நியாயம்?

உடனே ஒருவர் கணக்குப் போட்டார், எடையால் வகுத்தாலும் சிரோன்தான் முன்னே நிற்கிறது, டன்னுக்கு 750, டி.50-க்கு 672தான் என்று. கணக்கு சரிதான், மறுக்கவில்லை. ஆனால் எடை என்பது குதிரைத்திறனுக்குக் கீழே கோடு போட்டு வகுக்க வைத்திருக்கும் எண் மட்டும்தானா? ஆக்சிலரேட்டரை மிதிக்கும் அந்தச் சில விநாடிகளுக்குத்தான் அந்த வகுத்தல் செல்லும். பிரேக் மிதிக்கும்போது எஞ்சின் என்ன உதவி செய்யும்? வளைவில் டயர் பிடித்துக்கொண்டு கிடக்கும்போது 1,500 குதிரைகள் வந்து தோள் கொடுக்குமா? அங்கே எல்லாம் வண்டியின் எடையோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் மூக்கு திரும்புவதும், ஒரு பக்கம் சாய்ந்த வண்டி மறுபக்கம் வருவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரமும் எந்த அட்டவணையிலும் வராது. வராததாலேயே இல்லை என்று ஆகிவிடுமா?

இது எனக்குப் புத்தகத்தில் தெரிந்த விஷயம் இல்லை. என் மாமா ஒரு பழைய வேன் வைத்திருந்தார். சின்ன வயதில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போவதுதான் எனக்கு விடுமுறை. ஒரு இறக்கம், முடியும் இடத்தில் இடதுபக்க வளைவு. வேன் காலியாக இருக்கும் நாளில் வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் பிரேக்கைத் தொட்டுவிட்டு, ஒரு கையாலேயே திருப்பிக்கொண்டு போவார். பின்னால் டைல்ஸ் பெட்டி ஏற்றிய நாளில் இறக்கம் தொடங்கும்போதே பேச்சை நிறுத்திவிடுவார். மூன்றாவது கியர், அப்புறம் இரண்டாவது, எஞ்சின் அலறும், கெண்டைக்கால் நரம்பு புடைக்க பிரேக் பெடலை அமுக்கிப் பிடித்திருப்பார், கருகிய வாடை உள்ளே வரும். அப்படியும் வளைவில் வண்டியின் பின்பக்கம் தன் இஷ்டத்துக்கு ஒரு அடி தள்ளிப்போகும். எஞ்சின் அதேதான், குதிரைத்திறன் அதேதான், ஓட்டுபவரும் அதே மாமாதான். அந்த இரண்டு நாளும் அது ஒரே வண்டி என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

சரி, டேபிள் ஃபேனுக்கு வருவோம். இதைத்தான் என்னால் விடவே முடியவில்லை.

காரின் பின்பக்க அடிப்பகுதி மேல்நோக்கி எழுந்து முடியும், டிஃப்யூசர் என்பார்கள். அடியில் ஓடும் காற்று அங்கே விரிவதால் காரைத் தரையை நோக்கி இழுக்கும் விசை, அதாவது டவுன்ஃபோர்ஸ், கிடைக்கிறது. சரிவை அதிகமாக்கினால் விசையும் கூடும், ஆனால் ஓர் அளவுக்கு மேல் காற்று பரப்போடு ஒட்டிவராமல் பிய்த்துக்கொண்டு போய்விடும், கிடைத்ததும் போச்சு. மர்ரே அந்தப் பரப்பை ஒட்டிச் சோம்பலாக நகரும் காற்றை மட்டும் விசிறியால் உறிஞ்சி எடுத்துவிடுகிறார். மீதிக் காற்று அவ்வளவு செங்குத்தான சரிவிலும் ஒட்டிக்கொண்டே போகிறது. 400 மில்லிமீட்டர் விசிறி, 48 வோல்ட் மின்சாரத்தில் ஓடுவது. மேலே பெரிய இறக்கை எதுவும் நட்டுவைக்காமல், காரின் வடிவத்தைக் கெடுக்காமல், வேண்டும்போது டவுன்ஃபோர்ஸைக் கூட்டலாம், வேண்டாதபோது காற்றுத்தடையைக் குறைக்கலாம். பிரேக் மிதித்தால் விசிறி தானாக வேகமெடுத்து டவுன்ஃபோர்ஸை இரட்டிப்பாக்கும், மணிக்கு 240 கிலோமீட்டரிலிருந்து நிற்கும் தூரத்தில் பத்து மீட்டர் குறையும் என்கிறார்கள். அந்தப் பத்து மீட்டரின் அருமை டைல்ஸ் ஏற்றிய வேனில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும்.

இன்னொரு மேதாவி, "1978-லேயே தடை பண்ணின சரக்கு, தூசி தட்டி எடுத்துட்டு வந்துட்டார்" என்கிறார். அவர் சொல்வது மர்ரே அப்போது வடிவமைத்த ஃபார்முலா 1 பந்தயக் கார், பிரபாம் பிடி46பி. அதில் இருந்தது வேறு வேலை. காரின் ஓரங்களைத் தரைவரை தொங்கும் ஸ்கர்ட் என்ற தடுப்பால் அடைத்து, அடியிலிருந்த காற்றையே விசிறி வெளியே இழுத்தது. விசிறி கியர்பாக்ஸிலிருந்து ஓடியதால், நிற்கும் காரில் ஆக்சிலரேட்டரை மிதித்தாலே கார் தரையோடு அமர்ந்துகொள்ளும். எஞ்சினைக் குளிர்விக்கத்தான் விசிறி என்று சொல்லி விதியைச் சமாளித்தார்கள். ஸ்வீடனில் ஆண்டர்ஸ்டார்ப் பந்தயத்தில் அதை ஓட்டிய நிக்கி லாடா அரை நிமிடத்துக்கும் மேல் முன்னிலையில் ஜெயித்தார். மற்ற அணிகள் போட்ட கூச்சலில் அந்த ஒரே பந்தயத்தோடு காரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஜெயித்த பிறகுதான் எடுத்தார்கள், கவனிக்கவும். தூசி தட்டுவதற்கும் நாற்பது வருடம் கழித்து அதே மனிதர் அந்த யோசனையை ஸ்கர்ட் இல்லாமல் ரோட்டுக் காருக்கு மாற்றியிருப்பதற்கும் வித்தியாசம் தெரியாதவர்களிடம் என்ன பேசுவது. பேசிக்கொண்டுதான் இருக்கிறேன், அது வேறு விஷயம்.

அடுத்தது மேனுவல் கியர். "தானாகவே கியர் மாற்றும் இரட்டை கிளட்ச் இருக்கும் காலத்தில் இவர் இன்னும் கம்பியை ஆட்டிக்கொண்டிருக்கிறார், வேகம் குறையும்." ஆமாம், குறையும். விநாடியில் சின்னஞ்சிறு பங்கு. அதற்கு? கார் யாருக்காக, ஸ்டாப்வாட்சுக்காகவா? காஸ்வொர்த் நிறுவனம் செய்த 3.9 லிட்டர் வி12, அதாவது பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின், டர்போ கிடையாது, நிமிடத்துக்கு 12,100 சுற்று வரை போகும். ஐடிலில் இருந்து அந்த உச்சத்துக்கு ஏற 0.3 விநாடி. எஞ்சினின் எடை 178 கிலோ. நடுவில் உட்கார்ந்து, எதிரே முள் வைத்த பெரிய ஆர்பிஎம் மீட்டரைப் பார்த்துக்கொண்டு, கிளட்ச்சை மிதித்து, எக்ஸ்ட்ராக் நிறுவனம் செய்த ஆறு கியர்களையும் கையால் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு போகலாம். ஓட்டுநர் இருக்கை ஏழு கிலோ, பக்கத்து இருக்கைகள் மூன்று கிலோதான். பாட்டு சிஸ்டம் நான்கு கிலோவைத் தொடவில்லை. இப்படிக் கிராம் கிராமாகச் செதுக்கியவரிடம் போய் "சார், ஹார்ஸ்பவர் கம்மியா இருக்கே" என்று கேட்க எப்படி மனசு வருகிறது?

இதே மனிதர்தான் மெக்லாரன் எஃப்1 என்ற ரோட்டுக் காரையும் செய்தார். மொத்தமே 106 கார்கள். வேகத்துக்காகச் செய்யவில்லை என்றுதான் அப்போதும் சொன்னார். 1998-ல் பந்தய ஓட்டுநர் ஆண்டி வாலஸ் அதை மணிக்கு 386 கிலோமீட்டரில் ஓட்டினார். பந்தயத்துக்காகவும் அதைச் செய்யவில்லை, வாங்கியவர்கள் கேட்டுக்கேட்டு ரேஸ் கார் ஆக்கினார்கள், 1995 லீ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் முதலிடம் வந்தது. அட்டவணைப் பிரியர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

"எம்பி4/4-ஐ அவர்தான் வடிவமைத்தார் என்பதே பொய், அது ஸ்டீவ் நிக்கல்ஸின் கார்" என்று ஒருவர் நடுவில் நுழைத்தார். 1988-ல் 16 பந்தயத்தில் 15 ஜெயித்த மெக்லாரன் ஃபார்முலா 1 கார், அதன் பெருமை மர்ரேக்கா, இன்னொரு வடிவமைப்பாளர் நிக்கல்ஸுக்கா என்ற சண்டை ரொம்ப நாளாக நடக்கிறது. நிக்கல்ஸுக்குச் சேர வேண்டியது நிக்கல்ஸுக்கே சேரட்டும், எனக்கு ஆட்சேபனை இல்லை. டி.50-இன் எடையோடு அதற்கு என்ன சம்பந்தம்? சுற்றுச்சூழல் என்றும் ஒருவர் ஆரம்பித்தார். நூறு கார்கள் ஐயா, உலகம் முழுவதற்கும் நூறு. விடுங்கள்.

இனி என்னை நிஜமாகவே குத்திய கமெண்ட். "ஸ்கூட்டர்ல போறவனுக்கு வி12 பத்தி என்ன பேச்சு, இது பணக்காரன் பொம்மை, நீ ஏன் வக்காலத்து வாங்கற." அதற்கு அறுபதுக்கும் மேல் லைக். லைக் போட்டவர்களில் என்னோடு வருடக்கணக்காகப் பேசுகிறவர்களும் இருந்தார்கள், பார்த்தேன்.

ஆமாம், ஸ்கூட்டரில்தான் போகிறேன். வரிக்கு முன்பே 23 லட்சத்து 60 ஆயிரம் பவுண்டு விலை சொன்ன காரை நான் இந்த ஜென்மத்தில் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டேன். அதனால் அந்த டிஃப்யூசர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளக் கூடாதா? வாங்க முடிந்தவன் மட்டும்தான் ரசிக்கலாம் என்றால் இந்தக் குழுவில் எத்தனை பேர் மிஞ்சுவீர்கள்? அட்டவணை போட்டவர் சிரோன் வைத்திருக்கிறாரா? ஒரு பொருளை யார் வாங்குகிறான் என்பதை வைத்து அதைச் செய்த மூளையை எடைபோடுவது சரியென்றால், இதே மர்ரேதான் ஆக்ஸ் என்ற லாரியையும் வடிவமைத்தார், அதையும் கொஞ்சம் தேடிப் பாருங்கள். சாலை வசதி இல்லாத ஏழை நாடுகளுக்காகச் செய்தது, பிரித்து அடுக்கினால் ஒரே கண்டெய்னரில் ஆறு லாரி போகும், போய்ச் சேர்ந்த இடத்தில் பூட்டிக்கொள்ளலாம். அதிலும் ஓட்டுநர் இருக்கை நடுவில்தான். எஃப்1-இல் வைத்த அதே யோசனையை லாரிக்கும் வைத்தவரைப் பணக்காரனுக்குப் பொம்மை செய்பவர் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறீர்கள். அந்த லாரிக்கு யாரும் சிரிப்பு எமோஜி போட்டதில்லை, ஏனென்றால் யாருமே அதைப் பார்த்ததில்லை.

ஒரே ஒருவர்தான் நேற்று உருப்படியாகக் கேட்டார். "இவ்வளவு ஓட்டுவதற்காகவே செய்த காரை வாங்குகிற நூறு பேரில் எத்தனை பேர் ஓட்டப்போகிறார்கள்? போர்வை போட்டு மூடி, விலை ஏறும் வரை வைத்திருப்பார்கள்." இதற்கு என்னிடம் முழு பதில் இல்லை. 2019-ல் ஒரு எஃப்1 ஏலத்தில் ஏறக்குறைய இரண்டு கோடி டாலருக்குப் போனது. அந்த விலைக்கு அப்புறம் யார் அதை மழையில் எடுப்பார்கள்? 12,100 சுற்று போகும் எஞ்சினை ஏசி அறையில் நிறுத்தி வைப்பதை நினைத்தால் எனக்கும் வயிறு எரிகிறது.

ஆனால் மிஸ்டர் பீன் நடிகர் ரோவன் அட்கின்சனும் அதே எஃப்1-ஐத்தான் வாங்கினார். 41,000 மைல் ஓட்டினார். இரண்டு முறை மோதினார், இரண்டாவது தடவை ரிப்பேர் செலவு மட்டும் ஒன்பது லட்சம் பவுண்டைத் தாண்டியது, சரிசெய்து திரும்பவும் ஓட்டினார், 2015-ல் எண்பது லட்சம் பவுண்டுக்கு விற்றார். ஓட்டியதால் விலை ஒன்றும் குறைந்துவிடவில்லை. நூறு பேரில் பத்து பேர் அந்த மாதிரி இருந்தால் எனக்குப் போதும். ஐந்து பேர் இருந்தாலும் சரி. அது போகப்போகத் தெரியும்.

இதைப் படித்துவிட்டு இன்னொரு ஃபார்முலா 1 வடிவமைப்பாளரான ஏட்ரியன் நியூவியின் ரசிகர்கள் அவருடைய ஆஸ்டன் மார்ட்டின் வல்கைரி காரைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள் என்று எனக்குத் தெரியும். வாருங்கள். எனக்கும் அந்தக் கார் பிடிக்கும், அதன் 6.5 லிட்டர் வி12-ஐச் செய்ததும் இதே காஸ்வொர்த்தான், 11,100 சுற்று. ஆனால் அதற்குத் தனிப் பதிவு எழுதுகிறேன், இன்றைக்கு வேண்டாம், போனில் தட்டித் தட்டிக் கட்டைவிரல் வலிக்கிறது. அந்த அறுபது லைக்கில் இருக்கும் தெரிந்தவர்கள் மட்டும் முடிந்தால் இன்பாக்ஸில் வாருங்கள்.