தலை ஏன் அவ்வளவு பெரிது?
மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்களுடைய மரச் சிற்பங்களில் தலை உடம்பில் ஏறக்குறைய கால் பங்கு இருப்பதை, அழகுக்காக என்று அவற்றைப் பற்றிய உங்கள் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. விஷயமே அங்கேதான் இருக்கிறது. பிறக்கும் முன் ஒவ்வொருவரும் அஜாலா என்ற குயவரிடம் போய்த் தன் 'ஒரி'யை, அதாவது உள்தலையை, தானே தேர்ந்தெடுப்பதாக அவர்கள் நம்பிக்கை. சரியாக வேகாத தலைகளும் அங்கே உண்டு, பார்த்தால் தெரியாது.

அப்புறம், அந்த ஒரியைக் கும்பிட 'இபோரி' என்று ஒன்று செய்வார்கள். சின்னக் கூம்பு, தோலுறை, மேலே நெருக்கமாகத் தைத்த சோழிகள். கண், மூக்கு கிடையாது. அதை வைக்கச் சோழி பதித்த தனி வீடு வேறு. படையலும் உழைப்பும் நல்ல குணமும் இருந்தால் வாய்த்த தலையைச் சீராக்கலாம் என்று நம்புவதால்தான் இத்தனை ஏற்பாடு. நைஜீரியாவில் உள்ள இஃபே நகரத்துச் சுடுமண் சிற்பங்களில் உயிரோட்டமான முகங்களோடு இதே மாதிரிக் கூம்புத் தலைகளும் கிடைத்திருக்கின்றன. அவற்றின் படத்தையும் தயவுசெய்து சேருங்கள்.